கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள்

கோலாலம்பூரில் எந்தத் தெருவில் என்ன மரம் நின்றது என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் ஓரளவு சொல்ல முடியும். இது ரசனையால் வந்த அறிவு இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று மாதம் வாடகை வீடு தேடி நடந்ததால் வந்தது. பூவைப் பார்த்து மனம் நெகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பூவைப் பார்த்தால், அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஐம்பத்தைந்து வயதில் அப்பாவுக்கு ஓய்வு வந்தது. மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து தரும்படி ஒரு கடிதமும் கொடுத்தார்கள். கடிகாரத்தை எங்கே மாட்டலாம் என்று அப்பா அன்று மாலை முழுவதும் யோசித்தார். சுவரே நம்முடையது இல்லை என்பதை அம்மா எடுத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அப்பா பேசுவதையே அநேகமாக நிறுத்திவிட்டார். கடிகாரம் அட்டைப் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் வீடு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுவேன். என்னுடையது கான்வென்ட் ஆங்கிலம். குரலை வைத்து நான் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. முடியாததால் நேரடியாகக் கேட்டார்கள். "மிஸ், யூ சைனீஸ் ஆர் மலாய்?" மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பது சிலருக்குத் தோன்றவே இல்லை. இந்தியர் என்று நான் சொல்வேன். பிறகு, "சாரி லா, இப்பதான் வேற ஆளு எடுத்துட்டாங்க" என்று ஆங்கிலத்தில் பதில் வரும். கோலாலம்பூரில் வீடுகள் அவ்வளவு வேகமாக வாடகைக்குப் போகும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் இப்படிப் போனது. அம்மா ஒரு நாள் சொன்னாள். "போனைக் கீழ வை. ஞாயித்துக்கிழம நடந்து போய்ப் பாப்போம். வீட்டைப் பாத்தா யாரு வீடுன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வேலியப் பாத்தா தெரியாதா?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் 'வாடகைக்கு' என்று எழுதித் தொங்கும் பலகையை அவள் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். வாசலில் என்ன முளைத்திருக்கிறது என்றுதான் பார்ப்பாள். பெரிய தொட்டியில் குட்டி ஆரஞ்சுப் பழம் காய்த்துக் குலுங்கினால் சீனர் வீடு. சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையும் எலுமிச்சைப் புல்லும் வாய்க்கால் ஓரமாக அடர்ந்திருந்தால் மலாய்க்காரர் வீடு. காகிதப்பூ மட்டும் மதில் வழியாகக் கொட்டிக்கிடந்தால் பணக்காரர் வீடு, எந்த இனமாக இருந்தாலும் நமக்கு ஆகாது. செம்பருத்தியை நம்பக் கூடாது, அது எல்லார் வீட்டிலும் நிற்கும். துளசி, அரளி, முருங்கை, வேம்பு, இவற்றில் இரண்டு சேர்ந்தாற்போல் இருந்தால் நம்ம ஆள். கறிவேப்பிலை நின்றால் மேற்கொண்டு எதையும் பார்க்கவே வேண்டாம்.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒரு தெரு முடிவதற்குள் என் கண்ணும் வேலிகளின் மேல் போய்விட்டது. பிறகு அதை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் வரை நடப்போம். வழியில் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும். அவற்றின் அடியில் நடக்கும்போது வெயில் தெரியாது, ஆனால் காக்கை எச்சம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்சானா மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பூத்துவிட்டிருந்தன. அதற்கு அடுத்த நாள் நான் வேலைக்குப் போகும்போது ரோடு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. நகராட்சித் தொழிலாளர்கள் இரண்டு பேர் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து இன்னும் கொட்டிக்கொண்டிருந்ததால் அவர்களில் ஒருவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் பட்டது.

கம்போஜா மரம் வந்தால் மட்டும் அம்மா எதிர்ப்பக்கம் போய்விடுவாள். மலாய்க்காரர் கல்லறைகளில் நிற்கும் மரம் அது. வெள்ளைப் பூ தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும், வாசனையும் நன்றாகத்தான் இருக்கும். "வீடு தேடிப் போறப்ப அது அடியில போகக்கூடாது" என்பாள். வீடு தேடாதபோதும் அவள் அதன் அடியில் போனதில்லை. லோரிகள் நிற்கும் காலி மனைகளில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். அதன் ஓரத்தில் தொட்டாற்சிணுங்கி. அம்மா போகிற போக்கில் செருப்பு நுனியால் அதைச் சுருங்க வைத்துவிட்டுப் போவாள். அந்த மூன்று மாதத்தில் அவள் விளையாட்டாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அம்மாவின் கணக்கு தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துளசியும் நந்தியாவட்டையும் பார்த்து அவள் கேட்டைத் தட்டிய வீடுகளில் தமிழ்தான் கேட்டது. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஃபேன் போட்டார்கள். "சாரி லா" என்று யாரும் சொல்லவில்லை.

பங்சாரில் ஒரு வீடு. மாடி காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மாள் காபி கொண்டுவந்தார். அவருடைய காபி எவர்சில்வர் தம்ளரில் இருந்தது, எங்களுடையது கண்ணாடிக் கிளாஸில். அம்மா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"எந்த ஊரு நீங்க?" என்று அவர் கேட்டார்.

"பிரிக்பீல்ட்ஸ்லதாங்க, குவார்ட்டர்ஸ்ல இருக்கோம்" என்றாள் அம்மா.

"இல்ல, ஊருல எந்த ஊரு?"

"அவங்க அப்பா வழியில சேலம் பக்கம்."

"அது சரி. யாரு வீட்டு ஆளுங்க?"

இந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கும் அந்த வயதில் தெரியும். அவர் கேட்டது சாதியை. கப்பலேறி வந்து மூன்று தலைமுறை ஆகியும் அது மட்டும் கடலில் விழாமல் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வந்ததுபோல் தெரியவில்லை. கடையில் ஒரு சாமானை ஆசையாகக் கையில் எடுத்து, விலையைக் கேட்டதும் சத்தமில்லாமல் திரும்ப வைக்கிறவளின் முகம் அது. "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்மா, பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "நந்தியாவட்டை நல்லா பூத்திருக்கு" என்றாள். வீட்டுக்கார அம்மாள் சந்தோஷப்பட்டார்.

அன்று பஸ் ஸ்டாப் வரை நான் கத்திக்கொண்டே வந்தேன். போனிலாவது ஒரே வார்த்தையில் முடிகிறது, இங்கே காபி குடித்துவிட்டு அவமானப்பட வேண்டியிருக்கிறது என்றேன். பஸ் வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அவ்வளவுதான்.

இதுபோல் இன்னும் மூன்று வீடுகள், கேள்வி முடிந்ததும் உறவுக்காரர் குடிவரப் போகிறார் என்றார்கள். ஒன்றில் மட்டும் உண்மையாகவே உறவுக்காரர் வர இருந்தார். அவர் வந்து இறங்கியதையே நாங்கள் பார்த்தோம்.

பதினோரு வாரம் போய்விட்டது. குவார்ட்டர்ஸைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்து, சுவரில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அம்மா கொல்லையில் நின்ற கறிவேப்பிலையின் பக்கக் கன்று ஒன்றைப் பெயர்த்து மைலோ டின்னில் வைத்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாத வீட்டில் முதலில் மூட்டை கட்டப்பட்டது அந்தச் செடிதான். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை எரிச்சலாக மட்டும் இருந்தது. அடுத்த ஞாயிறு கழித்துச் சாமான்களோடு தெருவில் நிற்கப்போகிறோம் என்று அன்று உறைத்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பழைய கிள்ளான் சாலை பக்கம் போனோம். உள்ளே ஒரு சந்து. சந்தின் முனையிலிருந்தே தெரிந்தது, கூரைக்கு மேல் எழும்பி நிற்கும் ஒரு கறிவேப்பிலை மரம். அதைச் செடி என்று சொல்ல முடியாது. கீழே தண்டு என் தொடை கனம் இருந்தது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, கறுத்த பழம், பழம் தின்ன வந்த குருவிகள். பின்னால் முருங்கை. வாசலில் ஒரு தொட்டியில் துளசி. ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள், அதில் மரம் நின்ற வீட்டின் சன்னல்கள் சாத்தியிருந்தன. வீடு காலி.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான்" என்றாள்.

பக்கத்து வாசலில், பெரிய ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மற்ற வீடுகளில் பேசியதுபோல் இல்லை. பதினோரு வாரம் உள்ளே கிடந்தது மொத்தமும் வெளியே வந்தது. அப்பாவுக்கு ஓய்வு வந்தது, கடிகாரம் கொடுத்தது, போனில் சொன்ன பதில்கள், பங்சார் காபி, எந்த ஊர் என்று கேட்டவர்கள், ஆணியை எண்ணிக்கொண்டு போன அதிகாரி, அப்பா பேசுவதில்லை என்பது எல்லாம். "நீங்களும் எந்த ஊருன்னு கேக்காதீங்கக்கா. கேட்டா நான் இங்கேயே உக்காந்துருவேன்" என்று முடித்தாள். அவள் குரல் உடைந்ததை அன்றுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

அந்த அம்மாள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு சீனக் கிழவி.

"பேசி முடிச்சாச்சா?" என்று மலாயில் கேட்டார்.

அம்மா கேட் கம்பியை விட்டுவிட்டாள். நான் அவசர அவசரமாக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து என்னை நிறுத்தினார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. தமிழும் தெரியாது. அவ்வளவு நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டே ஏன் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "அழுற பொம்பளய நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார்.

அன்று அவர் மரத்தைக் காட்டி, "இது என்னன்னு தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டினாள். அவர் கேட்டைத் திறந்துவிட்டார். பிறகு கொட்டித் தீர்ப்பது அவருடைய முறை.

இரண்டு வீடுமே அவருடையது. மரம் நின்ற வீட்டில் பல வருடம் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. மரமெல்லாம் அவர்கள் வைத்தது. கிள்ளானில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போன நாளிலிருந்து இவருக்கு நிம்மதி போய்விட்டது. அந்தச் சந்தில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள். சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரத்துக்கு ஒவ்வொருத்தராக வந்து கேட்டை ஆட்டுவார்கள். "ஆன்டி, கறிவேப்பிலை." இவர் சமைக்கும்போது வருவார்கள். குளிக்கும்போது வருவார்கள். டிவியில் நாடகம் முக்கியமான இடத்துக்கு வரும்போது தவறாமல் ஒருத்தி வருவாள். சீனப் பெருநாள் காலையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டபோதும் ஒருத்தர் வந்தார், ரெண்டே ரெண்டு கொத்து போதும் என்று. மரத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தாராம். வெட்டினால் ஏன் வெட்டினாய் என்று கேட்க இன்னும் நிறையப் பேர் வருவார்கள் என்று விட்டுவிட்டார்.

"எனக்குக் கால் வலி" என்றார். "சாயந்தரம் உங்க வீட்டுல யாரு இருப்பா?"

அவர் எங்களைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அவரு இருப்பாரு" என்றாள் தனக்குத் தெரிந்த மலாயில். "எப்பவும் இருப்பாரு. எங்கேயும் போக மாட்டாரு."

அந்த வாரமே லோரி வைத்துச் சாமான்களைக் கொண்டுபோனோம். கடிகாரத்தை அப்பா ஹாலில் மாட்டினார். மைலோ டின்னில் வந்த கன்று, அந்த ராட்சச மரத்துக்குப் பக்கத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மூலையில் நின்றது.

முதல் சாயங்காலம் அப்பா முனகிக்கொண்டேதான் கேட்டுக்குப் போனார். இரண்டாம் வாரம் முக்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் அந்தச் சந்துக்கே நேரம் வகுத்துவிட்டார். ஐந்து மணிக்குத் தொடங்கும். விளக்கு வைத்த பிறகு இலை பறிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம், ஆகவே அதோடு சரி. கேட்கிறவர் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்து அதற்குத் தகுந்தபடி கொடுப்பார். தாமதமாக வருகிறவர்களிடம், "ரயிலு போயிருச்சும்மா, நாளைக்கு வா" என்பார். அப்பாவின் குரல் எனக்குக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. பக்கத்து வீட்டில் அந்தக் கிழவி நிம்மதியாக நாடகம் பார்த்தார். நாங்கள் அங்கே ஒன்பது வருடம் இருந்தோம். அப்பா அந்த வீட்டில்தான் இறந்தார். அன்று சாயங்காலம் விஷயம் தெரியாமல் ஒருத்தி கறிவேப்பிலை கேட்டு வந்துவிட்டாள். கிழவியே கால் வலியோடு எழுந்துபோய்ப் பறித்துக் கொடுத்து அனுப்பினார்.

தொண்ணூறுகளில் நானும் என் கணவரும் கோலாலம்பூருக்கு வெளியே பூச்சோங்கில் வரிசை வீடு ஒன்று வாங்கினோம். முன்பக்கம் முழுக்கச் சிமென்ட். அதில் தொட்டி வைத்து மூன்று நிறத்தில் காகிதப்பூ வளர்த்தேன். கறிவேப்பிலையைப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வைத்தேன். முன்னால் வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் பெல்லை அழுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் அட்டை எழுதிக் கேட்டில் தொங்கவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு தாயும் மகளும் வெயிலில் நடந்து வந்தார்கள். மகள் அட்டையைப் படித்தாள். தாய் அட்டையைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்தார். காகிதப்பூவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு பேரும் மேலே நடந்தார்கள்.

அவர் என்ன படித்தார் என்று எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். "அக்கா, ரூம் தேடுறீங்களா?" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பி வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நம்ம ஆளாம்மா நீங்க? பூவப் பாத்தா தெரியலயே" என்றார். மகளுக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, தனியாக விடப் பயமாக இருக்கிறது, நாலு வாரமாக நடக்கிறோம் என்றார். நான் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"எந்த ஊரு நீங்க?" என்றேன்.

"எஸ்டேட்டுதாம்மா, கிள்ளானுக்கு அந்தப் பக்கம்."

"அது சரி. யாரு வீட்டு ஆளுங்க?"

நான் யோசித்துக் கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டது என்று சொல்லலாம், ஆனால் வாய் என்னுடையதுதான். குரல்கூடப் பங்சார் வீட்டுக் குரலாகவே இருந்தது.

அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்மா, பாத்துட்டுப் போலாம்னு" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். நான் தாழ்ப்பாளைத் திறந்து, "அக்கா, நில்லுங்க, நான் அந்த அர்த்தத்துல கேக்கல" என்றேன். அந்த அர்த்தத்தில்தான் கேட்டேன், அது அவருக்கும் தெரியும். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் மரியாதை தெரிந்தவர். நாலு அடி போய்த் திரும்பி, "காகிதப்பூ நல்லா பூத்திருக்கு" என்றார்.

கீழே போட்ட குழாயிலிருந்து தண்ணீர் சிமென்டில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால், துணி துவைக்கும் இடத்தில், கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதைக் கேட்டு அந்த வீட்டுக்கு அதுவரை ஒருவரும் வந்ததில்லை.